மொக்கசின் ஸ்பிரிங்ஸ்: முடிந்தால் ஜனவரியில் போங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிசூரியில் கூடாரம் போட, மீன் பிடிக்க, மலைப்பாதையில் நடக்க இடம் தேடுபவர்களுக்கு இந்த விமர்சனத்தால் பெரிய உபயோகம் இருக்காது. மொக்கசின் ஸ்பிரிங்ஸ் கரையில் இருக்கும் டிரெயில் ஆஃப் டியர்ஸ் ('கண்ணீர்ப் பாதை') ஸ்டேட் பார்க்கில் அதெல்லாம் இருக்கிறது. ஏரி இருக்கிறது, பத்து மைல் நடைபாதை இருக்கிறது. என் முழங்காலுக்கு அதில் எதுவும் ஒத்துவராது. நான் போனது ஒரு பிரசங்கியாரைத் தேடி.

மகளின் பிரசவத்துக்காக செயின்ட் லூயிஸ் வந்து ஐந்து மாதம் ஆகிறது. பேத்திக்கு நாலு மாதம். வெளியே பனி, உள்ளே ஹீட்டர், நடுவில் பிள்ளைத் துணி மடிப்பு என்று நாள் போய்க்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் சரித்திர டீச்சர், கடைசி ஆறு வருஷம் தலைமையாசிரியை. அப்படிப்பட்டவளை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் என்ன ஆகும்? நூலகத்திலிருந்து மாப்பிள்ளை எடுத்து வந்த செரோக்கி வரலாற்றுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக முடித்தேன். செரோக்கிகள் அமெரிக்கப் பூர்வகுடிகள்; அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து மேற்கே துரத்திய பயணம்தான் அந்தக் 'கண்ணீர்ப் பாதை'. அந்தப் புத்தகங்களில் சிக்கியவர்தான் செரோக்கிப் பிரசங்கியார் ஜெஸ்ஸி புஷிஹெட். அந்தப் பயணத்தில் அவர் மிசிசிப்பி ஆற்றைக் கடந்த இடம் இங்கிருந்து இரண்டு மணி நேரம்தான் என்று தெரிந்ததும், "தம்பி, ஒரு சனிக்கிழமை போவோமா?" என்றேன். "இந்தக் குளிரிலா அத்தை?" என்றார். இந்தக் குளிரில்தான் போகவேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

55ஆம் எண் நெடுஞ்சாலையில் நேராகத் தெற்கே போகவேண்டும். கேப் ஜிரார்டோ ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஃப்ரூட்லேண்ட் பக்கம் இறங்கி, 177ஆம் சாலையைப் பிடித்தால் பூங்காவுக்குள்ளேயே கொண்டுபோய் விடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. மிசூரி மாநிலப் பூங்காக்கள் எதற்குமே கிடையாதாம். 3,400 ஏக்கருக்கு மேல் காடு, மேடு, பள்ளம். பார்வையாளர் மையம் திறக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் கிளம்புமுன் ஒரு போன் செய்துகொள்ளுங்கள்.

நாங்கள் முந்தின நாள் இரவே வந்து அந்தப் பக்கம் ஒரு மோட்டலில் தங்கினோம். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. அறை ஹீட்டர் இரவு ஒரு மணிக்கு இருமி இருமி நின்றுவிட்டது. கீழே போய்க் கேட்டதற்கு இன்னொரு போர்வை கொடுத்தார்கள். கைக்குழந்தை இருக்கிறது என்று மகள் குரலை உயர்த்திய பிறகுதான் வேறு அறை கிடைத்தது. காலையில் எல்லோருக்கும் தூக்கம் பாக்கி. இதை இங்கே எழுதக் காரணம், மறுநாள் பகல் முழுக்க அந்த ஒரு மணி நேரக் குளிர் என் மண்டையில் உட்கார்ந்திருந்ததுதான்.

சரி, பிரசங்கியாருக்கு வருகிறேன்.

ஜெஸ்ஸி புஷிஹெட் 1804இல் இன்றைய டென்னசியின் க்ளீவ்லாண்ட் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அன்று அது செரோக்கி நாடு. பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும், 'புதர்த்தலை' என்று அர்த்தம். அது தாத்தா வழி வந்த பட்டப்பெயர். தாத்தா ஜான் ஸ்டூவர்ட் பிரிட்டிஷ் அதிகாரி. அவருடைய அடர்ந்த தலைமுடியைப் பார்த்துச் செரோக்கிகள் 'ஊனதூத்தி' என்று கூப்பிட, அதுவே ஆங்கிலத்தில் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. பேரன் மிஷன் பள்ளியில் படித்து, பாப்டிஸ்ட் விசுவாசத்துக்கு வந்து, 1833இல் குருப்பட்டம் பெற்றார். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஈவன் ஜோன்ஸ் என்ற மிஷனரியோடு சேர்ந்து மலையூர்களில் பிரசங்கம் செய்தார், வேதத்தைச் செரோக்கி மொழியில் பெயர்த்தார். ஜோன்ஸ் ஆங்கிலத்தில் பேசினால் புஷிஹெட் செரோக்கியில் சொல்வார். எங்கள் தாத்தா நாசரேத் பக்கம் உபதேசியாராக இருந்தவர். துரைமார் பேசுவதை ஊருக்குப் புரியும் தமிழில் திருப்பிச் சொல்லும் வேலை அவருக்கும் இருந்தது. அந்த வேலையில் இருப்பவரைத்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

நம்பினார்கள். 1837இல் செரோக்கித் தலைவர் ஜான் ராஸ் ஃப்ளோரிடாவுக்கு ஒரு சமாதானக் குழுவை அனுப்பினார். அங்கே செமினோல்கள் என்ற இன்னொரு பூர்வகுடிக்கும் அமெரிக்க ராணுவத்துக்கும் சண்டை. புஷிஹெட் அந்தக் குழுவில் ஒருவர். இவர்கள் பேச்சை நம்பி மிக்கனோப்பி என்ற தலைவரும் வேறு சிலரும் வெள்ளைக்கொடியோடு வந்தார்கள். ஜெனரல் ஜெசப் அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார். நடுவில் நின்று வார்த்தை கொடுத்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! பாடம் நடத்தும்போது இப்படி ஒரு இடம் வந்தால் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன்.

மறுவருஷம் ராணுவம் செரோக்கிகளின் வீட்டு வாசலுக்கே வந்தது. 1835 டிசம்பரில் நியூ எக்கோட்டா என்ற ஊரில் ஒரு சிறு செரோக்கி கோஷ்டி, செரோக்கி நாட்டின் சார்பாக என்று சொல்லி, மேற்கே போய்விடுவதாக ஒத்துக்கொண்டு நிலத்தையெல்லாம் அமெரிக்க அரசுக்கு எழுதிக்கொடுத்துவிட்டது. எதிர்த்து 15,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்ட மனு போயும் அமெரிக்க செனட் ஒரே ஒரு ஓட்டில் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. 1838 மே மாதம் கெடு முடிந்ததும் ஜெனரல் ஸ்காட்டின் படை வீடு வீடாகப் புகுந்து ஜனங்களைப் பட்டிகளில் அடைத்தது. வெயில், வயிற்றுப்போக்கு, பிள்ளைகளின் சாவு. அந்தப் பட்டிகளுக்குள் ஜோன்ஸும் புஷிஹெட்டும் பிரசங்கம் செய்தார்கள். காவல் அதிகாரியிடம் அனுமதி வாங்கி ஆற்றில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானமும் நடந்திருக்கிறது.

கடைசியில் ஜான் ராஸ் போராடி வாங்கிய சலுகை ஒன்றே ஒன்று: எங்களைத் துப்பாக்கிமுனையில் ஓட்டாதீர்கள், நாங்களே போகிறோம். அப்படித்தான் 13 குழுக்கள் பிரிந்தன. வழிச்செலவுக்குத் தலைக்கு 65 டாலர் 88 சென்ட் என்று பேச்சு. ஆயிரம் பேருக்கு ஐம்பது வண்டி, எண்பது நாள் பயணம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு குழுவுக்குத் தலைவர் புஷிஹெட். ஏறத்தாழ 950 பேர். 1838 அக்டோபர் முதல் வாரம் புறப்பட்டார்கள்.

950. இந்த எண்தான் என்னை இங்கே இழுத்து வந்தது. என் பள்ளியில் 900 சொச்சம் பிள்ளைகள். காலை பிரேயருக்கு மைதானத்தில் நின்றால் எவ்வளவு இடம் அடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் சத்துணவு அரிசி வர நேரமானால் எத்தனை பேருக்குப் பதில் சொல்லவேண்டும் என்று தெரியும். மழை பிடித்துக்கொண்டால் இத்தனை பேரை எந்தக் கூரைக்குக் கீழே நிறுத்துவது என்று தவித்திருக்கிறேன். அவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இந்த மனுஷனோ நோயாளி, கிழவி, கைக்குழந்தை, கர்ப்பிணி எல்லோரையும் கூட்டிக்கொண்டு நாஷ்வில், ஹாப்கின்ஸ்வில் வழியாகக் கென்டக்கியைத் தாண்டி, ஒஹையோ ஆற்றைக் கடந்து, தெற்கு இல்லினாய்ஸின் சேற்றில் இறங்கி, மிசிசிப்பியை எட்டிப்பார்த்தபோது ஆறு முழுக்கப் பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்தது. தோணி விட முடியவில்லை. கடப்பதற்குள் ஏறத்தாழ ஒரு மாதம் ஓடிவிட்டது.

பார்வையாளர் மையத்தில் இந்த வெளியேற்றத்தைப் பற்றிய காட்சிகள் இருக்கின்றன. 13 குழுக்களில் ஒன்பது இந்தப் பூங்கா இருக்கும் மொக்கசின் ஸ்பிரிங்ஸ் கரையில் ஏறியதாகச் சொல்கிறார்கள். பார்த்துவிட்டு நேராக ஆற்றைப் பார்க்கும் மேட்டுக்குப் போங்கள். கார் கிட்டத்தட்ட பக்கத்திலேயே போகும்.

நாங்கள் போன அன்று வெயில் அடித்தது, ஆனால் காற்று காதை அறுத்தது. கீழே மிசிசிப்பி, பழுப்பாக, அகலமாக. அதில் தட்டுத் தட்டாகப் பனிக்கட்டி. சாப்பாட்டுத் தட்டு அளவில் சில, எங்கள் வீட்டு முற்றம் அளவில் சில. மெதுவாக வருகிற மாதிரி இருக்கும், ஒன்றோடொன்று மோதும்போதுதான் எவ்வளவு வேகம் என்று தெரியும். சத்தம் மேடு வரைக்கும் வந்தது. கண்ணாடி நொறுங்குகிற சத்தம் இல்லை. கொட்டாங்கச்சிகளைச் சாக்கில் போட்டு இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். கோடையில் வந்தால் இதே இடம் அழகான ஆற்றங்கரை, அவ்வளவுதான். மாப்பிள்ளை ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றார். அப்புறம், "அத்தை, 950 பேரும் அந்தக் கரையிலா?" என்று இல்லினாய்ஸ் பக்கம் கையைக் காட்டினார்.

மரங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பீச், டூலிப் பாப்லர், மக்னோலியா. மிசூரியில் வேறெங்கும் அதிகம் பார்க்க முடியாத காடு. பார்த்தால் கிழக்கே இருக்கும் அப்பலாச்சிய மலைக்காடு மாதிரியே இருக்குமாம். விட்டுவந்த ஊரின் மரங்கள், ஆற்றுக்கு இந்தப் பக்கமும் நின்றிருக்கின்றன. அவர்கள் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டார்களா, எரிச்சலாக எடுத்துக்கொண்டார்களா?

பூங்காவுக்குள் புஷிஹெட் நினைவிடம் ஒன்று இருக்கிறது. அங்கே போகுமுன் ஒரு கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பகுதியில் ரொம்ப காலமாக உலவியது 'இளவரசி ஒட்டாக்கி' கதை: பிரசங்கியாரின் மகளான இளவரசி இங்கே செத்துப்போனாள், இங்கே புதைத்தார்கள் என்று. வழியில் ஒரு கடையில் நான் எடுத்த சுற்றுலாத் துண்டுப்பிரசுரம்கூட இன்னும் இளவரசியை விடவில்லை. செரோக்கிகளுக்கு ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. 1827லேயே எழுதிவைத்த அரசியல் சட்டம், தேர்ந்தெடுத்த சபை, நீதிமன்றம் என்று இருந்தவர்கள். கதைக்குப் பின்னால் இருக்கும் நிஜப் பெண் நான்ஸி புஷிஹெட் என்கிறார்கள். ஜெஸ்ஸியின் சகோதரி, லூயிஸ் ஹில்டிப்ராண்டின் மனைவி. அண்ணன் தம்பியோடு பிறந்த, புருஷன் உள்ள, சாதாரணப் பெண் குளிரில் செத்துப்போனாள் என்றால் யாரும் காரை நிறுத்த மாட்டார்கள் போலிருக்கிறது. இளவரசி என்றால்தான் நிறுத்துவார்கள். எனக்கு நான்ஸியே போதும்.

சாவு மட்டும் இல்லை. 1839 ஜனவரி 3ஆம் தேதி, ஆற்றுக்கு இந்தப் பக்கம், மிசூரி மண்ணில், புஷிஹெட்டுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. அம்மா பெயர் எலைசா. பிள்ளைக்கும் எலைசா என்றே பெயர் வைத்து, கூடவே 'மிசூரி' என்று சேர்த்தார்கள். எலைசா மிசூரி புஷிஹெட்.

இதைப் படித்துச் சொன்னபோது மகள் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பேத்திக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "நிறைமாசமா வண்டியில வந்தாளாம்மா?" என்றாள். ஆமாம். பேறுகாலம் பார்த்தது யார், பத்தியத்துக்கு என்ன கொடுத்தார்கள், வெந்நீர் வைக்க விறகு காய்ந்து இருந்ததா என்றெல்லாம் புத்தகம் சொல்லவில்லை. சரித்திரம் எழுதுகிறவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள். நான் சுக்கும் பூண்டும் பெருங்காயமும் சூட்கேஸில் அடைத்துக்கொண்டு பதினாலாயிரம் கிலோமீட்டர் வந்தவள். எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

புஷிஹெட்டைப் புனிதராக்கி வைத்துவிட்டுத் திரும்பலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அவர் அடிமைகளை வைத்திருந்தவர். செரோக்கிப் பணக்காரர் பலரைப் போல அவரும். இந்தப் பாதையில் நடந்தவர்களில் கறுப்பின அடிமைகளும் உண்டு. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்குச் சொந்தமாக இருந்தவர்கள். வடக்கே இருந்த பாப்டிஸ்டுகளில் அடிமைமுறையை எதிர்த்தவர்கள் இதை அப்போதே கேள்வி கேட்டார்கள். செரோக்கி நாட்டில் அடிமைமுறை ஒழிந்தது 1863இல்தான். பூங்காவில் நின்றுகொண்டு 950 என்று எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

குழு 1839 பிப்ரவரி 23ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. எண்பது நாள் கணக்கு நாலரை மாதத்தில் முடிந்தது. சேர்ந்த இடம் இன்றைய ஓக்லஹோமாவின் வெஸ்ட்வில் அருகே. அங்கே ரேஷன் கொடுத்ததால் அதற்கு 'பிரட்டவுன்' என்று பேர். ரொட்டியூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே மிஷனை மறுபடி கட்டினார். அந்த வருஷம் ஜூன் மாதம், முன்பு நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்த மேஜர் ரிட்ஜ், ஜான் ரிட்ஜ், எலையஸ் பூடினாட் மூவரும் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். பழிக்குப் பழி பல வருஷம் ஓடியது. ஆயுதம் இல்லாமல், கையில் வேதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வழிப்போக்கு போனவர் புஷிஹெட் ஒருவர்தான் என்று பின்னால் சொல்லிச் சொல்லிப் பேச்சாகிவிட்டது. கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனாலும் 1840இல் முதல் தலைமை நீதிபதி ஜான் மார்ட்டின் இறந்தபோது செரோக்கி நாடு அந்த நாற்காலியைக் கொடுத்தது இந்தப் பிரசங்கியாருக்குத்தான். ஞாயிறு பிரசங்கம், மற்ற நாளில் தீர்ப்பு. 1844 ஜூலை 17ஆம் தேதி சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். நாற்பது வயதுகூட முடியவில்லை.

நேரமும் தெம்பும் இருந்தால் இன்னொரு பயணமாக ஓக்லஹோமாவின் டாலக்குவா போகலாம். செரோக்கி உச்ச நீதிமன்றக் கட்டடம் அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. கட்டியது 1844, புஷிஹெட் இறந்த அதே வருஷம். அந்த மாநிலத்தில் நிற்கிற மிகப் பழைய அரசுக் கட்டடம் அது. நாங்கள் இன்னும் போகவில்லை, அதனால் கழிப்பறை, பார்க்கிங் பற்றியெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். எலைசா மிசூரி வளர்ந்து பெரியவளாகி, செரோக்கிப் பெண்கள் செமினரி என்ற பள்ளியில் படித்து, டீச்சராகி, பிற்பாடு அதே டாலக்குவாவில்தான் நேஷனல் ஹோட்டல் என்ற தங்கும் விடுதியை நடத்தினார். ஊரே அவரை 'ஆன்ட் எலைசா' என்று கூப்பிட்டதாம். அண்ணன் டென்னிஸ் 1879 முதல் 1887 வரை செரோக்கி நாட்டின் தலைவராக இருந்தார். விடுதிக்கு வந்தவர்களுக்குச் சூடான அறை கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். முந்தின நாள் ராத்திரி எங்களுக்கு அறை கொடுத்தவர்கள் அந்த அம்மாவிடம் வேலைக்குப் போயிருக்கலாம்.

இனி உபயோகமான விஷயங்கள். பூங்காவுக்குள் சாப்பாட்டுக் கடை இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். உட்கார்ந்து சாப்பிட மேஜைகள் இருக்கின்றன. நாங்கள் புளிச்சாதமும் வறுத்த உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போனோம். கைவிரல் விறைத்துப்போய்க் காருக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். செருப்பு, கேன்வாஸ் ஷூ வேண்டாம். நான் கேன்வாஸ் ஷூ போட்டுப்போய் ஒரு சரிவில் வழுக்கி, மாப்பிள்ளை கையைப் பிடித்துத்தான் ஏறினேன். ஷெப்பர்ட் பாயின்ட் பாதை ஏற்றம் அதிகம், இளவட்டங்கள் போகட்டும். குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகு வரும். என் வீட்டுக்காரர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. மூன்று பார்த்ததாகச் சொல்கிறார், எனக்குத் தெரிந்து ஒன்று காக்கை. ஆற்றோரமாகவே ரயில் தண்டவாளம் போகிறது. நீளமான சரக்கு வண்டி ஒன்று போனபோது பேத்தி விழித்துக்கொண்டு, அழாமல், சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் முதல்நாளே கதையைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள். சொல்லாமல் கூட்டிப்போனால் அவர்களுக்கு அது வெறும் ஆறு. வயதானவர்கள் தாராளமாகப் போகலாம், மேடு வரை கார் வரும். அரை நாள் போதும். நாங்கள் மூன்று மணிக்குக் கிளம்பவேண்டும் என்று பேசிவைத்தோம், கிளம்பியது நாலரைக்கு. எனக்காக இல்லை. மகள்தான் பேத்தியைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னும் ஒரு தடவை" என்று மேட்டுக்குப் போனாள். பனிக்கட்டி அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தது.